ஆறு பேர் எழுதிய 74.6

பிப். 11, செவ்வாய்

காலையில் பனி. ஒன்பது மணிக்கெல்லாம் வெயில். தேவிபட்டினம் பஸ்ஸில் கோயில் கூட்டம்; ராமநாதபுரம் வரை நின்றுகொண்டே.

செய்ய வேண்டியது: இண்டர்னல் மார்க் ஏற்ற. இரண்டாம் ஆண்டு லேப் நோட்டு திருத்த. செருப்பு தைக்கக் கொடுக்க.

ஒன்றும் நடக்கவில்லை. கல்லூரிக்குள் நுழைந்ததுமே எச்.ஓ.டி. கூப்பிட்டார். போன வாரம் வந்து தேர்வு வைத்த மதுரைக் கம்பெனியிடமிருந்து மெயில். நம் ஐ.டி. மூன்றாம் ஆண்டில் அவர்கள் பொறுக்கிய ஆறு பேரும் ஒரே தப்பைச் செய்திருக்கிறார்களாம். ஐந்து பாட மார்க்குக்குச் சராசரி போடும் புரோகிராமை எழுதி, மாதிரி விடையும் காட்டச் சொன்ன கேள்வி. மார்க் நம் இஷ்டம். ஆறு பேரும் எழுதியது 78, 65, 91, 70, 78. ஆறு பேருக்கும் சராசரி 74.6.

கூட்டிப் பார்த்தேன். 382. ஐந்தால் வகுத்தால் 76.4.

காப்பி என்கிறது கம்பெனி. வெள்ளிக்குள் விளக்கம் போக வேண்டும். அதுவரை ஆறு வேலையும் நிறுத்தி வைப்பு.

எச்.ஓ.டி.: "எம்மா, யாரு ஆரம்பிச்சதுன்னு ஒரு பேரு மட்டும் குடுங்க. ஒண்ணு போனாலும் மிச்ச அஞ்சு பொழச்சுக்கிரும்."

ஒரு பெயராம். கத்தரிக்காயா, பொறுக்கிக் கொடுக்க?

பிப். 12, புதன்

மேகமூட்டம். காற்று இல்லை. கசகசப்பு.

தேர்வு நடந்தது இரண்டு அறையில், இந்த ஆறு பேரில் அறைக்கு மூன்று பேர். ஒன்றில் நான் காவல், அடுத்ததில் கணக்கு சார். அவர் போனை விட்டுத் தலை நிமிர்கிற ஆளில்லை. முதல் சந்தேகம் அவர்மேல்.

இரண்டாவது, வாசல் ஜெராக்ஸ் கடைக்காரர். கேள்வித்தாளை அங்கேதான் நகல் எடுத்தார்கள். போய்க் கேட்டேன். "நான் எதுக்கு மேம் குடுக்கப் போறேன்? எனக்கு அதுல என்ன இருக்கு?" முகத்தைப் பார்க்காமல் பேசினார். ஆனால் அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

மூன்றாவது ருக்சானா. வகுப்பிலேயே கெட்டிக்காரி. அண்ணன் மதுரையில் வேறொரு ஐ.டி. கம்பெனியில். கேள்வி அவன் வழியாக வந்திருக்கலாம். புர்காவுக்குள் போன் இருந்திருக்குமோ என்றுகூட நினைத்தேன். எழுதவே கூசுகிறது. ஆனால் நினைத்தேன்.

மதியம் முனீஸ்வரி ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். சொந்த ஊர் வாலிநோக்கம்; அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் உப்பளத்தில் வேலை. ஆறு பேரில் அவளும் ஒருத்தி. "மேம், வேலை கெடச்சிருச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிப்புட்டாக எங்க அம்மா. இப்ப நான் என்ன சொல்ல?"

படித்துக்கொண்டிரு என்றேன். எதை என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிப். 13, வியாழன்

வெயில். தலைவலி. காபி இரண்டு.

இன்று ருக்சானாவை வகுப்பில் எல்லார் முன்னாலும் எழுப்பிவிட்டேன். யாரிடம் வாங்கினாய், யாருக்குக் கொடுத்தாய் என்று கத்தினேன். அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை.

"அல்லா மேல ஆணையா நான் யாரையும் பாத்து எழுதல மேம். ஃபர்ஸ்ட் இயர் ரெக்கார்டுல மூணாவது புரோகிராம். மனப்பாடமா இருந்துச்சு, எழுதினேன். நீங்கதான டிக் போட்டீக."

சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

ஸ்டோர் ரூமுக்குப் போனேன். தூசி, எலிப்புழுக்கை, பழைய ரெக்கார்டு நோட்டுக் கட்டுகள். ஆறு பேருடையதையும் தேடி எடுத்தேன். மூன்றாவது புரோகிராம், இடது பக்கம் பென்சிலில் விடை: 74.6. பக்கத்தில் சிவப்பு மையில் டிக், என் கையெழுத்து. அதற்கு முந்தைய வருடம், 74.6. அதற்கும் முந்தைய வருடம், அதே. சீனியரிடமிருந்து ஜூனியருக்கு அப்படியே இறங்கி வந்திருக்கிறது. ஒருவர்கூடக் கூட்டிப் பார்க்கவில்லை. நானும்தான்.

அலமாரி மேல்தட்டில் பிரவுன் அட்டை போட்ட ஒன்று, 'மாடல்' என்று சீட்டு ஒட்டி. எல்லாரும் பார்த்து எழுதும் மூல நோட்டு. எந்த மகராசி எழுதியது பார்ப்போம், வெள்ளிக்குள் பெயர் கிடைத்தது என்று சந்தோஷமாகத்தான் பிரித்தேன்.

முதல் பக்கம்: கா. செல்வராணி, முதலாம் ஆண்டு, ஐ.டி.

நான்தான்.

அங்கேயே நோட்டுக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். நான் இங்கே படித்த அந்த வருடம் லேபில் யு.பி.எஸ். போய்விட்டது. மெஷின் ஓடாவிட்டாலும் ரெக்கார்டு வைக்க வேண்டும் என்றார்கள். புரோகிராமைப் புத்தகத்தில் பார்த்து, விடையைக் கால்குலேட்டரில் போட்டு எழுதினேன். 76.4-ஐ இலக்கம் மாற்றி 74.6 என்று எழுதியிருக்கிறேன். கையெழுத்து அழகு என்று ஐம்பதுக்கு ஐம்பது. மாடலாக வைத்துக்கொள்கிறோம் என்றபோது பெருமையாகக்கூட இருந்தது; பிறகு மறந்தே போனேன்.

எழுதி முடித்தாயா என்றுதான் என்னைக் கேட்டார்கள். நானும் பிள்ளைகளை அதையேதான் கேட்டேன். ஓடுகிறதா என்று கேட்டதே இல்லை.

பிப். 14, வெள்ளி

காலையில் பனி. முதல் பஸ்.

முதல் பீரியடில் ருக்சானாவிடம் வகுப்பில் வைத்தே மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். அதற்கு மேல் எதிர்பார்க்க எனக்கு யோக்கியதை இல்லை.

ஆறு பேரையும் லேபுக்குக் கூட்டிப்போய், என் நோட்டில் இருந்ததை எழுத்து மாறாமல் தட்டச் சொன்னேன். பதினொரு பிழை. முனீஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு எதைத் தொட வேண்டும் என்றே தெரியவில்லை. ருக்சானாதான் ஒவ்வொன்றாகத் திருத்தினாள். முக்கால் மணி நேரம். 76.4 வந்ததும் ஆறு பேரும் கத்தினார்கள், கிரிக்கெட் பார்ப்பது மாதிரி. மூன்றாம் ஆண்டு முடியப் போகிறது, இன்றுதான் ஒரு புரோகிராம் அவர்கள் கண் முன்னால் ஓடியிருக்கிறது.

விளக்கக் கடிதத்தில் நடந்ததை எழுதினேன். ஆரம்பித்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் பெயர்.

எச்.ஓ.டி. படித்துவிட்டு வைத்தார். "என்னம்மா இது? ஜூன்ல உங்களுக்கு காண்ட்ராக்ட் ரினியூவல் இருக்கு. இத அனுப்புனா காலேஜு பேரு என்னத்துக்கு ஆகும்? எவளோ ஒருத்தி பேர எழுதிட்டுப் போவீகளா, அத விட்டுட்டு..."

அனுப்ப மாட்டார் என்று தெரிந்தது. வெளியே வந்து என் போனிலிருந்தே அனுப்பினேன். ரினியூவல் வராது. பயமாகத்தான் இருக்கிறது.

பிப். 15, சனி

காற்று. கடல் பக்கம் போகவில்லை. துணி துவைத்தேன்.

பதினொரு மணிக்கு மதுரையிலிருந்து போன். கம்பெனிப் பெண்மணி, என் வயதுதான் இருக்கும். செவ்வாய்க்கிழமை ஆறு பேரும் நேரில் வரட்டும், இந்த முறை தாள் இல்லை, மெஷினில் என்றார். நன்றி சொன்னேன். பிறகு, "ஒரு சீட் காலியாத்தான் இருக்கு. நீங்களும் எழுதிப் பாக்குறீங்களா மேம்?"

கிண்டலா, நிஜமா? அந்தக் குரலில் எதையும் பிடிக்க முடியவில்லை.

செவ்வாய் காலை ஐந்தே முக்கால் பஸ். ஏழு பேர் எழுதுகிறோம்.