சுருட்டுப் பிடிக்கும் சாமி

ஆடி இரண்டாம் ஞாயிறு, ஸ்கூடாய்

இன்னும் தூக்கம் வரவில்லை. சிங்கப்பூரில் என்னோடு வேலை செய்யும் கவிதாவை இன்று எல்லைக்கு இந்தப் பக்கம், சாஆ என்ற ஊரின் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனேன். அம்மாவும் கூட வந்தார். தமிழ்நாட்டுச் சிற்பிகள் எழுப்பிய புதுக் கோபுரத்தைக் காட்டிப் பெருமையடித்தேன்.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, வேப்பமரத்தடியில் அரிவாளும் முறுக்கு மீசையுமாக முனியாண்டி. வாயில் சுருட்டு.

"இது யாரு, ஆண்டி?" என்று கவிதா கேட்டாள். ஆபீசில் என் சுருக்கப் பெயர் அதுதான்.

"அதுவா? பழைய தோட்டத்து ஆளுங்க சாமி லா. நாங்கல்லாம் கும்பிடுறது இல்ல."

கவிதா செருப்பைக் கழற்றினாள். "எங்க வீட்லயும் முனிதான்" என்று கைகூப்பினாள்.

அம்மா கைப்பையிலிருந்து ஒரு சுருட்டை எடுத்துப் பற்றவைத்து, சாமி காலடியில் வைத்தார்.

"யாருக்கும்மா வேண்டுதல்?" என்று கவிதா கேட்டாள்.

"மவனுக்குத்தான். சிங்கப்பூர்ல வேலை கெடைக்கணும்னு வேண்டுனேன். அவனுக்கு இவரு பேரத்தானே வெச்சிருக்கோம்."

அம்மா என்னைப் பார்க்கவே இல்லை.

காரில் திரும்பினோம். தன் வீட்டு வாசலில் இறங்கிய கவிதா, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுச் சொன்னாள்:

"நாளைக்கு ஆபீஸ்ல பாக்கலாம், முனியாண்டி."