இடதுபக்க ஸ்டியரிங்

அப்பா,

இன்று காலை கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தார். கொஞ்ச நேரத்தில் எதிரே இருந்த விளக்கைச் சுற்றி வண்ண வட்டங்கள். "கண்ல பிரஷர் ஜாஸ்தியா இருக்கு மேடம். வீட்ல யாருக்காவது இருந்துதா?" என்று கேட்டார். உங்கள் கார்தான் நினைவில் வந்து நின்றது.

ஜோகுபாளையத்துச் சந்தில் அந்த அமெரிக்கக் கார் திரும்பினால் எதிரே சைக்கிள்கூட வர முடியாது. பின்னால் மீன்வால்போல இரண்டு இறக்கைகள். முன்னால் பல்வரிசைபோலக் குரோமியம். பட்டனை அழுத்தினால் ஏறி இறங்கும் கண்ணாடி; குறித்த வேகத்தைத் தாண்டினால் கத்தும் பஸ்ஸர். "இதெல்லாம் காரோட சும்மா வர்றதில்லம்மா. மொதல்ல வாங்கினவன் தனியா கேட்டு வெச்சுக்கிட்டது" என்பீர்கள், பக்கத்தில் நின்று பார்த்ததுபோல. கல்யாணங்களுக்கு வாடகைக்குப் போகும்போதும் அந்த இறக்கைகளின் மேல் பூ கட்ட விடமாட்டீர்கள்.

ஸ்டியரிங் இடதுபக்கம். அதனால் வலதுபக்கம் உட்கார்ந்து, எதிரே வருவதை அம்மா சொல்லிக்கொண்டே வருவாள். கார் ஓட்டிய கடைசி வருடம் பஸ்ஸரை இருபது மைலில் வைத்தீர்கள். வண்டிக்கு வயதாகிவிட்டது என்றீர்கள். நம்பினேன்.

அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த அன்று அவள் இடத்தில் நான் உட்கார்ந்தேன். பின்சீட்டில் கல்யாணப் பெண்ணும் அவள் தங்கையும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். "ரைட்ல யாரும் வரலப்பா" என்றேன். வண்டி நகர்ந்தது. இடது ஓரத்தில் பூக்கூடையோடு ஒரு பெண்மணி சாலையில் இறங்கினார். பார்த்திருப்பீர்கள் என்று பேசாமல் இருந்தேன். வண்டி வேகம் குறையவில்லை.

"அப்பா! ஆளு! ஆளு!"

வண்டி நின்றபோது குரோமியத்துக்கும் அவர் புடவைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. "கண்ணு காண்சல்வா?" கண் தெரியவில்லையா என்று அவர் கன்னடத்தில் கத்தினார். நீங்கள் என் பக்கம் திரும்பாமல், தாழ்ந்த குரலில் சொன்னீர்கள்: "ரெண்டு பக்கமும் சொல்லணும்மா. உங்கம்மா ரெண்டு பக்கமும் சொல்லுவா."

பின்சீட்டில் இருந்தவர்களை அங்கேயே இறக்கிவிடச் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பெண்கள் முன்னால் உங்கள் முகம் என்னவாகுமோ என்று பயந்து, மண்டபம்வரை "ஆட்டோ, மாடு, சிக்னல் ரெட்டு, இப்ப போங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். வாசலில் சாவியை நீங்களாகவே என் கையில் வைத்தீர்கள். "திரும்பிப் போக யாராவது டிரைவரைக் கூப்பிடும்மா."

வீட்டில் அம்மாவிடம் சண்டை போட்டேன். அவள் சுவரைப் பார்த்தபடி, "தெரியும்டி. வேணாம்னு எத்தினி வாட்டி சொல்ல வந்தேன், வாயே வரல" என்றாள்.

கார் விலைபோயிற்று. அதன் பிறகு இரண்டு வருடம் இருந்தீர்கள். அந்தப் பூக்காரப் பெண்மணி இன்னும் என் கனவில் சாலையில் இறங்குகிறார்.

இன்று ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்து ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்தேன். ஓட்டிவிடலாம், யாருக்கும் தெரியாது என்று தோன்றியது. அந்த எண்ணம்தான் அதிகம் பயமுறுத்தியது. இறங்கி, உங்கள் மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன்.

"என்னாச்சு?" என்றார்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. வந்து கூட்டிட்டுப் போங்க."

சொல்லிவிட்டேன், அப்பா.