லேட் வேடியப்பன்

திருவண்ணாமலை,
ஐப்பசி 9.

அன்புள்ள கோபிக்கு,

உயிரோடு இருக்கும் அப்பனைச் செத்தவன் என்று அச்சடித்து உறவு முழுக்கத் தபாலில் அனுப்பியிருக்கிறாய். புனேயில் நீ கட்டிய வீட்டின் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் “லேட் வேடியப்பன் – தனம் ஆகியோரின் குமாரன்” என்று இருக்கிறது. அம்மா பெயருக்கு முன்னால் வர வேண்டியது என் பெயருக்கு முன்னால் வந்துவிட்டது. அச்சகத்துக்காரன் தப்பு என்பாய். சரி பார்த்துக் கொடுத்தவன் யார்?

எதிர்வீட்டு சந்திரகலாவுக்குத்தான் முதலில் வந்தது. அதை வாசலில் ஆட்டிக்கொண்டு, “ஏண்ணே, எப்ப போனீங்க, ஒரு வார்த்த சொல்லவே இல்லியே” என்று சிரித்தாள். மறுநாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து நம் பங்காளி சுப்பிரமணி போன் செய்தான். காரியம் என்னிக்கு, வீட்டில் பெரியவங்க யாராச்சும் இருந்தா குடுப்பா என்றான். பெரியவன்தான்டா பேசறேன் என்றேன். அப்புறம் மெதுவாக, “அப்ப எங்களுக்குத் தீட்டு இல்லியா?” என்று கேட்டான்.

எட்டாவதோடு நின்றவனுக்கு என்ன தெரியும் என்று நினைக்காதே. முப்பத்தோரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். நான் அதிகம் எழுதிய இங்கிலீஷ் வார்த்தையே லேட்தான். பஸ்ஸுக்கும் செத்தவனுக்கும் எப்படி ஒரே வார்த்தை என்று அப்போதே பழைய புத்தகக் கடையில் தடி அகராதி வாங்கினேன். இந்த வாரம் அதைத் திரும்பவும் எடுத்தேன்.

செத்த எல்லோருக்கும் அதைப் போடக்கூடாதாம். சமீபத்தில் போனவர்களுக்கு மட்டும்தான். லேட் ராஜராஜ சோழன் என்று யாரும் சொல்வதில்லை. எத்தனை வருஷம் வரைக்கும் சமீபம் என்பதற்கு மட்டும் கணக்குப் போடவில்லை. லேட்டஸ்ட் என்று உன் மகள் இனியா போன் கேட்கிறாளே, அதுவும் இதே வார்த்தைதான். ஆதியில் அதற்கு மெதுவானவன், சோர்ந்தவன் என்று பொருள். அதற்கும் அடியில் ஒரு வேர் இருக்கிறது: விட்டுவிடுவது, பிடியைத் தளர்த்துவது. போகட்டும் விடு என்பதற்கு இங்கிலீஷ்காரன் லெட் என்கிறானே, அதுவும் அந்த வேரில் வந்ததுதான்.

அப்படிப் பார்த்தால் உன் பத்திரிகை முழுக்கப் பொய் இல்லை. சோர்ந்துதான் இருக்கிறேன். ஒரு ஆளுக்கு உலை வைத்தால் சோறு குழைந்துவிடுகிறது. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்கிறேன். பெங்களூர் வண்டி எத்தனை நிமிஷம் பிந்தி வருகிறது என்று பார்க்கிறேன். சொல்லத்தான் ஆள் இல்லை.

போன வருஷம் சித்திரைப் பௌர்ணமி அன்று நடந்ததை நீ மறக்கவில்லை என்று தெரியும். ஒன்றரை வருஷமாக இனியாதான் போன் எடுக்கிறாள். கிரிவலக் கூட்டம் பெருகினால் சுடுகாட்டுக்கு வழி கிடைக்காது, நாலு மணிக்கு எடுத்துவிட வேண்டும் என்று நான்தான் சொன்னேன். உன் விமானம் புறப்படவே நேரமாகிவிட்டது. நீ வாசலில் வந்து நின்றபோது ஆறு நாற்பது. வீடு கழுவியாகிவிட்டது. அம்மா முகத்தை நீ பார்க்கவில்லை.

நாலு மணிக்கு எடுத்தது சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அத்தனை பேர் முன்னால் உன்னைப் பார்த்து, “ரெண்டு மணி நாப்பது நிமிஷம் லேட்டு” என்றேனே, அது பஸ்ஸுக்குச் சொல்வது. அதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. அந்தப் பத்திரிகையில் உன் அம்மா உயிரோடு இருக்கிறாள். அந்த வரியைக் கோபத்தோடு படிக்க ஆரம்பித்தவன், அவள் பெயர் வந்ததும் நின்றுவிட்டேன். வெறும் தனம். முன்னால் ஒன்றும் இல்லை.

கிரகப்பிரவேசம் கார்த்திகை மூன்று. இன்னும் நாள் இருக்கிறது. ஆகவேண்டியதை எழுதுகிறேன்.

அச்சகத்துக்காரன் புதிதாக அடிக்க வேண்டும். என் பெயருக்கு முன்னால் இருப்பதை எடுக்கச் சொல். அம்மா பெயருக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கச் சொல்லாதே. சுப்பிரமணிக்கு உன் வீட்டுக்காரி போன் செய்து, தீட்டு இல்லை, குடும்பத்தோடு வரணும் என்று சொல்லட்டும். சந்திரகலாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

பெற்றவனுக்குத் தபாலில் பத்திரிகை வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. தட்டில் வெற்றிலை பாக்கோடு நீ வந்து கையில் கொடுக்க வேண்டும். இனியாவையும் கூட்டி வா. நான் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பேன். எந்த வண்டியில் வேண்டுமானாலும் வா, எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் வா. கடிகாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
வேடியப்பன்