பிய்ந்துபோன பொத்தான்

அன்புள்ள அக்கா,

ஒரே வீட்டுக்கு வாழ வந்த நாம் இருவரும் பேசி ஏழு வருடம் ஆகிறது. காரணத்தை இங்கே எழுதப் போவதில்லை. நேற்றைக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தெருவில் இத்தனை பேரை நோய் சாய்த்தும், தடுப்பூசி மையத்தில் நான் பத்து நாளாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். டாக்டர் புள்ளிவிவரம் சொன்னார், ஒலிபெருக்கி தொண்டை கிழியக் கத்தியது. "போட்டா ஆறே மாசத்துல ஆள் காலி" என்ற பேச்சைத்தான் தெரு நம்பியது.

நேற்று நீங்கள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். வாசலில் வேடிக்கை பார்த்தவர்களிடம், "இவகிட்ட நான் பேசறதில்லைன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா வேலைன்னு வந்துட்டா இவ ஏமாத்த மாட்டா" என்றீர்கள். என் முகத்தைப் பார்க்காமலே கையை நீட்டினீர்கள்.

அடுத்து உட்கார்ந்தவர் டீக்கடைக்காரர். "வேண்டியவங்க சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். இவங்களே உங்கள நம்புறாங்கன்னா சரிதான், போடுங்க" என்றார். சாயங்காலத்துக்குள் மருந்து தீர்ந்துவிட்டது. நம் சண்டை இத்தனை பேருக்கு உபயோகப்படும் என்று யார் கண்டது!

உங்களுக்குப் பயமே இல்லை என்று தெருவே சொல்கிறது. உங்கள் இன்னொரு கை என் மேலங்கியைப் பிடித்த பிடி எனக்கு மட்டும்தான் தெரியும். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு பொத்தானைக் காணோம். நீங்கள் மூடிய கையோடு எழுந்து போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வேறு பொத்தான் தைக்க மனம் வரவில்லை. அதை நீங்களே கொண்டுவந்து கொடுங்கள்.

முதலில் 'உங்கள் கொழுந்தனாரின் மனைவி' என்று எழுதி, அடித்துவிட்டேன்.

உங்கள் தங்கை