‘மறுகா’ என்ற சொல்லுக்காக உயர்கல்லூரிக் கிளை என் பேத்தியைத் தள்ளிவைத்தது பற்றி

அனுப்புநர்:
திருமதி தங்கேஸ்வரி கந்தப்போடி,
ட்வெய்ட்டா, ஒஸ்லோ.

பெறுநர்:
திரு. பிலேந்திரன் அவர்கள்,
தலைவர், தமிழ் மாணவர் ஒன்றியம்,
ஒஸ்லோ.

விடயம்: ஒன்றியத்தின் உயர்கல்லூரிக் கிளை புது உறுப்பினருக்கு வைத்த மொழித்தரச் சோதனையும், அங்கே என் பேத்திக்கு நடந்த அவமரியாதையும்.

கனம் தலைவர் அவர்களுக்கு,

1. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இதை என் கையாலேயே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். உங்கள் கிளைப் பிள்ளைகளிடம் மட்டும் திருத்தக் கொடுக்கவேண்டாம். என் மகளின் மகள் தர்மிகா உயர்கல்லூரியில் தாதியர் படிப்புப் படிக்கிறாள். மகளும் மருமகனும் வேலைக்குப் போனால் வீட்டில் நானும் அவளும்தான். எனக்கு இந்த நாட்டு நோர்ஸ்க் பாசை வராது. கடைக்கும் டாக்டருக்கும் அவள்தான் என் வாய்.

2. உயர்கல்லூரிக் கிளை தேய்ந்துபோய்க் கிடப்பது எனக்கும் தெரியும். கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை. கலைவிழாவுக்குக் கதிரை அடுக்கத் தாய் தகப்பனைக் கூப்பிடுகிறார்கள். இந்த ஆவணியில், “கிளையைப் பலப்படுத்துகிறோம், இனித் தரமான உறுப்பினர் மட்டும்” என்று ட்வெய்ட்டா தமிழ்க்கடையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பழைய உறுப்பினர் இருவர் சிபாரிசு செய்யவேண்டுமாம். அதுவும் போதாதென்று மூன்று பேருக்கு முன்னால் நின்று ஐந்து நிமிடம் தமிழில் பேசவேண்டுமாம். பலப்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. ஆளே இல்லாத வீட்டுக்கு வாசலில் காவல் வைத்ததுதான் விளங்கவில்லை.

3. தர்மிகாவுக்குக் கொடுத்த தலைப்பு ‘மறக்க முடியாத நாள்’. அவள் கடல் வந்த நாளை, அந்தச் சுனாமி நாளைச் சொன்னாள். கல்லாற்றில் இருந்த என் தங்கச்சிக்குக் காலையிலிருந்து போன் அடித்தும் கிடைக்கவில்லை, மறுகா இருட்டின பிறகு கிடைத்தது, மறுகா பேசினது தங்கச்சி இல்லை, அவளுடைய மகன் என்று சொன்னாள். ‘பிறகு’ என்பதற்குக் கிழக்கில், மட்டக்களப்பில் நாங்கள் மறுகா என்போம். இரண்டாவது மறுகாவுக்கு ஒருத்தர் சிரித்தார். கிளைச் செயலாளர் கோபிகன், “மறுகாவோ? அது எந்தக் கரை, மறுகரையோ?” என்று கேட்டாராம். பக்கத்தில் இருந்தவர், “தங்கச்சி, தமிழில சொல்லும்” என்றாராம். போனில் அந்தப் பிள்ளை என்ன சொன்னான் என்பதை அவள் சொல்லி முடிக்கவில்லை. அவர்கள் கேட்கவும் இல்லை.

4. அவளுக்குத் தமிழ் போதாது என்ற முடிவு மின்னஞ்சலில் நோர்ஸ்க்கில் வந்தது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருந்து மொழித்தரத்தை உயர்த்திக்கொண்டு அடுத்த வருடம் வரட்டுமாம். அதை எனக்குத் தமிழில் சொன்னதுதான் அவள் கடைசியாக என்னோடு நீளக் கதைத்தது. “உங்கட தமிழத்தான் அம்மம்மா நான் கதைச்சேன்” என்றாள்.

அன்றிலிருந்து வீட்டில் நோர்ஸ்க்தான். சோறு போடவா என்றால் ‘நெய்’ என்கிறாள். இந்த ஊரில் நெய் என்றால் வேண்டாம் என்று அர்த்தம், அந்த மட்டுக்கு எனக்கும் தெரியும். டாக்டரிடம் கூட்டிப்போனால் அவரோடு கதைத்து முடித்துவிட்டு என்னிடம் மருந்துப் பெட்டியைக் காட்டுகிறாள்.

5. அதே நாள் றொனால்ட் என்ற பிள்ளை தேறினார். அவர் பேசியதில் பாதி நோர்ஸ்க். அவரில் எனக்குக் கோபமில்லை. ஆனால் அவர் செயலாளரோடு பந்து விளையாடுகிறவர், சிபாரிசு செய்தவர்கள் லோறென்ஸ்கூக்கில் அவருடைய பக்கத்து வீடு. நோர்ஸ்க் கலந்தால் அது காலத்தோடு போவது, மட்டக்களப்பு கலந்தால் தரக்குறைவு. இதுதான் கிளையின் தரம் என்றால் அதை நோட்டீசிலேயே எழுதியிருக்கலாம்.

6. செயலாளரை அவர் நடை பழகிய காலத்திலிருந்து தெரியும். எண்பத்தொன்பதில் அவர்களும் நாங்களும் ஒரே மாடிக் கட்டடத்தில் இருந்தோம். வடக்கிலிருந்து வந்த தாய் மங்களேஸ்வரி துப்புரவு வேலைக்குப் போனால் பிள்ளை என் மடியில்தான். முழங்காலில் வைத்து ஆட்டி நிறுத்தினால், “மறுகா, மறுகா” என்று என் சீலையைப் பிடித்து இழுப்பார். திரும்பவும் என்பதற்கும் எங்களுக்கு அந்தச் சொல்தான். அப்போது அவருக்கு நன்றாக விளங்கியது. ஒரு நாள் தாய் வாசலில் நின்று, “உந்த மட்டக்களப்புக் கதையைப் பிள்ளைக்குப் பழக்காதேங்கோ” என்றா. அடுத்த நாளும் கொண்டுவந்து விட்டா. நான் பிள்ளையை வாங்கிக்கொண்டேன். ஆனால் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை.

7. தங்களைப் பற்றியும் ஒன்று. கடல் வந்த அந்த மார்கழியில் உடுப்பும் மருந்தும் பெட்டி கட்ட ஒன்றியத்துப் பிள்ளைகள் வீடு வீடாக வந்து ஆள் கூப்பிட்டார்கள். தர்மிகா விரல் வெடிக்கக் கட்டினாள். அவளை நிறுத்தி ஐந்து நிமிடம் பேசிக்காட்டச் சொன்னவர் ஒருவரும் இல்லை. போன தைப்பொங்கலுக்குத் தாங்கள் மேடையில், “இங்கே வடக்குமில்லை, கிழக்குமில்லை” என்றீர்கள். முன்வரிசையில் இருந்து கை நோகத் தட்டியவள் நான்.

8. தரம் வேண்டுமென்றால் தாராளமாக வையுங்கள். சொன்ன நேரத்துக்கு வருகிறாரா, வேலை என்றால் நிற்கிறாரா, புதிதாக வந்தவரைப் பக்கத்தில் இருத்திக்கொள்கிறாரா என்று பாருங்கள். சிபாரிசு விதியைத் தூக்குங்கள், மறுகா ஆள் வரும். அவளைச் சேர்ப்பதா விடுவதா என்பதும் உங்கள் பாடு. அதற்காக நான் கெஞ்சமாட்டேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். அந்த மூன்று பேரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு அனுப்பவும். கடிதம் வேண்டாம். பிள்ளை அன்று வீட்டில் நிற்பாள், கதவை அவள்தான் திறப்பாள். அவள் பேசியது தமிழ்தான் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். கல்லாற்றிலிருந்து அந்தப் பிள்ளை போனில் என்ன சொன்னான் என்று கேட்கட்டும். அவள் எந்தச் சொல்லில் சொன்னாலும், முடியும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்கட்டும்.

அவர்கள் வரவைப் பார்த்திருக்கும்,
தங்கேஸ்வரி கந்தப்போடி
(கையொப்பம்)

ஒஸ்லோ
12.11.2007