குச்சவெளிக்குப் போகாத அம்பு

ஒக்டோபர் 11, புதன்
விடிய இருந்து மழை. உடுப்பு ஒண்டும் காயேல்ல. ஒவ்வீஸ் முடிஞ்சு நேர வகுப்புக்கு. கரண்ட் இல்லை. கொம்பியூட்டர் எல்லாம் துணி போர்த்தபடி. சேர் கரும்பலகையிலதான் படிப்பிச்சவர். தகவல் முறைமைப் பகுப்பாய்வு. பேரே வாயில நுழையேல்ல. வட்டம் எண்டால் ஒரு வேலை, அம்பு எண்டால் தகவல் போற வழி, ரெண்டு கோட்டுக்கு நடுவில தகவல் வைக்கிற இடம்.

"தங்கட தங்கட வேலைத்தலத்தை இப்பிடிப் படமாக் கீறிக் கொண்டு வாங்கோ. நடக்க வேண்டியதை இல்லை, நடக்கிறதை."

முப்பத்தாறு வயசில இது தேவையோ? டிப்ளோமா இல்லாட்டி வேலை நிரந்தரம் ஆகாது. இவர் வேலைக்குக் கொழும்பில. இஞ்ச நானும் மகளும்.
வாங்க: பருப்பு, மெழுகுதிரி, மகளுக்குக் கொப்பி.

ஒக்டோபர் 14, சனி
எங்கட நடமாடும் கிளினிக்கைக் கீறினன். டொக்டரும் நேர்ஸ் நஸீரா மிஸ்ஸியும் வானில குச்சவெளிக்குப் போய்க் கர்ப்பிணிகளைப் பாக்கினம். பிரஷர், ரத்தம், சலம். அதுகளை எழுதிற கிளினிக் காட் அட்டையள் எல்லாம் திரும்பி ஒவ்வீசில என்ர அலுமாரிக்கு. பரிசோதனை முடிவும் பிறகு எனக்குத்தான் வரும், காட்டில ஒட்டி வைப்பன். அடுத்த தரம் வான் போகேக்க அதுகளும் போகும்.

சண்டையில ஆமி ரோட்டை மூடினால்? அலுமாரியில இருந்து அந்தப் பொம்பிளையளுக்கு ஒரு அம்பும் இல்லை. மூண்டு தரம் கீறிப் பாத்தன். கீறினதில பிழை இல்லை. போன மாசம் முழுக்க ரோட்டு பூட்டு.
தலையிடி. பனடோல் முடிஞ்சுது.

ஒக்டோபர் 16, திங்கள்
மிஸ்ஸியிட்டக் காட்டினன். காட்டை அந்தப் பொம்பிளையளிட்டயே குடுத்து வைப்பம் எண்டன். மிஸ்ஸி கிண்ணியா ஆள், கதை வேகம்.

"துலைச்சிருவாங்க புள்ள. ஷெல் விழுந்தா கைப்பிள்ளையத் தூக்கிட்டு ஓடுற சனம். இதயும் தூக்கிட்டு ஓடுமா?"

பின்னேரம் மகளுக்குக் கணக்கு. அவவுக்கும் விளங்கேல்ல, எனக்கும் பொறுமை இல்லை.

ஒக்டோபர் 18, புதன்
ரோட்டு திறந்தது. நானும் வானில ஏறினன். சாம்பல்தீவுப் பக்கம் ஆமிச் சென்றியில இறக்கிச் செக்கிங். முன்னால போன பஸ் சனமும் தூறலுக்கை வரிசை. எல்லாற்ற கையிலயும் ஐசி, அதான் அடையாள அட்டை, பிளாஸ்டிக் உறைக்குள்ள. ஒரு பொம்பிளை சட்டைக்குள்ள இருந்து எடுத்தவ. செருப்பில்லாத மனிசனிட்டயும் ஐசி நனையாமல் இருந்தது. மிஸ்ஸியைப் பாத்தன்.

"சரி, சரி, வெளங்குது. உறை வாங்கு" எண்டா.

வழிக் கடையில ரெண்டு மூண்டு உறைதான் கிடைச்சுது. கிளினிக்கில முதல் காட் வனிதாவுக்கு. முதல் பிள்ளை, ஏழு மாசம். கால் ரெண்டும் வீக்கம், பிரஷரும் கூடியிருந்தது. சலத்தில புரதம் எண்ட முடிவு போன மாசமே வந்து அலுமாரியில கிடந்தது. டொக்டர் உடன ஆசுபத்திரிக்கு வரச் சொன்னவர். அவ தலையாட்டேல்ல.

"இவர் கடலுக்குப் போயிட்டார். வந்த உடன, திங்கள் வாறம்."

மிஸ்ஸி ஏசிப் பாத்தா, கெஞ்சிப் பாத்தா. ஏலாது எண்டுட்டா. குளிசை குடுத்து, எல்லாத்தையும் காட்டில கொட்டை எழுத்தில எழுதினா. நான் உறையில போட்டு வனிதாவிட்டக் குடுத்தன்.

"அக்கா, இதை ஆமிக்குக் காட்டோணுமோ?"
"இல்லை, டொக்டருக்கு. எங்க போனாலும் ஐசியோட சேத்து வையும்."
"ஓம்."

ஒக்டோபர் 21, சனி
சேரிட்டப் படத்தைக் குடுத்தன்.
"கொம்பியூட்டர் எங்க?"
"இல்லை சேர். காட்டும் உறையும்தான்."
"தங்கச்சி, இது கொம்பியூட்டர் டிப்ளோமா. தரவுத்தளம் இல்லாமல் கொழும்பில புள்ளி போட மாட்டினம். மாத்திக் கொண்டு வாங்கோ."

நல்ல மனிசன். உள்ளதைத்தான் சொன்னவர். வீட்டை வந்து ஒரு பெட்டி கீறி 'கொம்பியூட்டர்' எண்டு எழுதினன். அதுக்கு மேல கை ஓடேல்ல. சோறு அடிப்பிடிச்சிட்டு.

ஒக்டோபர் 24, செவ்வாய்
நேற்று விடிய ரோட்டு மூடினது. வடக்குப் பக்கம் ஷெல் சத்தம். யன்னல் அதிருது. வனிதா வந்ததா ஒரு தகவலும் இல்லை.

ஒக்டோபர் 26, வியாழன்
மிஸ்ஸி ஆசுபத்திரியில இருந்து நேர ஒவ்வீசுக்கு வந்தா. வனிதாவுக்கு நேற்று வலிப்பு. புருஷன் ட்ரக்டரில ஏத்தி, ஒவ்வொரு சென்றியிலயும் கும்பிட்டுக் கும்பிட்டுக் கொண்டு வந்திருக்கிறான். அவவுக்கு நினைவில்லை. கிளினிக் நாளெல்லாம் அவன் கடலில, கேட்டதுக்கு ஒண்டும் சொல்லத் தெரியேல்ல. ஐசி எடுக்க உறையைத் திறந்தால் காட். டொக்டர் அதை வாசிச்சுப்போட்டு உடன ஒப்பரேசன் தியேட்டருக்கு ஏத்தினவர்.

"தாய் தப்பிட்டா. புள்ள இல்ல."

சந்தோசப்படுறதோ என்னவோ தெரியேல்ல.

பின்னேரம் போய்ப் பாத்தன். முகம் இன்னும் வீக்கம். என்ர கையைப் பிடிச்சவ.
"அக்கா, போன மாசமே தெரிஞ்சிருந்தால், இவர் அப்ப வீட்டிலதான் நிண்டவர். வந்திருப்பம்."
ஓம் எண்டன்.

ஒக்டோபர் 27, வெள்ளி
மிஸ்ஸி ஆரையும் கேக்கேல்ல. அலுமாரியில இருந்த காட் எல்லாத்தையும் நிலத்தில பரப்பி உறை போடுறா. நானும் இருந்தன். முதுகு நோ. ஒவ்வீஸ் பெரியவர் எட்டிப் பாத்திட்டுப் போயிட்டார். ரோட்டு திறந்தால் எல்லாம் அவையளிட்டப் போகும்.

ஒக்டோபர் 28, சனி
கொம்பியூட்டர் பெட்டி கீறின தாளைக் கிழிச்சன். பழைய படத்தையே குடுத்தன், பின்னால ஒரு பக்கம் வனிதாவைப் பற்றி எழுதி. சேர் அதை வாசிச்சுப்போட்டு மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார்.
"புள்ளி குறையும்."
"ஓம் சேர்."
"பெயிலாகவும் கூடும்."
"ஓம்."
அப்பிடியே படத்தில கையெழுத்து வைச்சார். வெளியில வந்தால் என்ர குடையை ஆரோ எடுத்துக்கொண்டு போயிட்டினம். நனைஞ்சு கொண்டே வீட்டை.