உன் கிரீமின் மேல் குற்றமில்லை

அன்புள்ள குட்டிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதப் பேனா ஓட மாட்டேன் என்கிறது, அதற்காகப் பதறாதே, அப்பாவின் கண்ணில் இருந்த மஞ்சள் இறங்கிவிட்டது. உடம்பெல்லாம் சொறிந்துகொண்டு கிடந்தவர் இப்போது நன்றாகத் தூங்குகிறார், அவர் குறட்டையில் எனக்குத்தான் தூக்கம் இல்லை. போன் பண்ணினால் நீ இப்போதெல்லாம் ம், சரிம்மா என்பதோடு வைத்துவிடுகிறாய். காரணம் எனக்குத் தெரியாதா. அப்பாவின் கை வெந்த அன்று, நீ அனுப்பிய கிரீம்தான் அவரைப் பொசுக்கியது என்று வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன். மறுபடி அதைப் பற்றிப் பேச வாய் எழவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். பித்தக் குழாயில் வந்திருப்பது லட்சத்தில் ஒருவருக்கு வருகிற கட்டி, வெட்டி எடுக்க முடியாத இடம் என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். ஊசியில் ஒரு மருந்தை ஏற்றி, இரண்டு நாள் கழித்து வாய் வழியாக மெல்லிய குழாயை விட்டுக் கட்டியின் மேல் லேசர் வெளிச்சம் அடித்தார்கள். மருந்து ஊறிய இடத்தில் வெளிச்சம் பட்டால் கட்டி கருகும், முழுதாகப் போகாது, ஆனால் அடைப்பு விலகும் என்றார்கள். ஊரில் உள்ள குழாய் அடைப்பையெல்லாம் எடுத்தவனுக்கே அடைப்பா என்று அப்பா நர்ஸைச் சிரிக்கவைத்தார். அந்த மருந்து தோலிலும் தங்கும், ஒரு மாதத்துக்கு மேல் வெயில் படவே கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்கள். ஜன்னலுக்கெல்லாம் கனத்த போர்வை கட்டினேன். வேலை செய்தே பழகிய மனுஷர், சுவரைத் தடவிக்கொண்டு அறைக்குள்ளேயே நடந்தார். பின்வாசல் குழாய் வேறு சொட்டத் தொடங்கியது. பிளம்பர் வீட்டிலேயே குழாய் ஒழுகினால் ஊர் சிரிக்காதா, ஒரு வாஷர் போட எவ்வளவு நேரம் ஆகும் என்று நச்சரித்தார். உன் பார்சல் வந்த நேரம் அது. வெயிலுக்குப் பூசுவது என்று எழுதியிருந்ததை நம்பி, முகம் கை கழுத்தெல்லாம் அப்பி, நானேதான் பின்வாசல் கதவைத் திறந்துவிட்டேன், கால் மணி நேரம் வெயிலில் உட்கார்ந்து வாஷர் மாற்றினார். நர்ஸுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம், தோன்றவில்லை. சாயங்காலத்துக்குள் இரண்டு கையும் வீங்கிக் கொப்பளித்துவிட்டன. இந்த மருந்து ஏறிய தோலுக்கு அந்தக் கிரீம் காவல் இல்லை, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே சுடும் என்று டாக்டர் அப்புறம் விளக்கினார். நீ பாசமாக அனுப்பினாய், புத்தி கெட்டுப்போனது எனக்கு. என் தப்பை உன் தலையில் கட்டினேனே, அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

இப்போது டாக்டர் இன்னொரு முறை செய்யலாம், செய்தால் அடைப்பு சீக்கிரம் திரும்பி வராது என்கிறார். அப்பா பிடிகொடுக்கவில்லை. கை வெந்த பயத்தில்தான் வேண்டாம் என்கிறார், அதற்கும் நானே காரணம் என்று அழுதேன். தழும்பு விழுந்த கையால் என் தோளைத் தட்டிவிட்டு, "கை எரிஞ்சதுக்காக இல்ல. அந்தப் பின்வாசல் குழாயச் சரி பண்ணினேன் பாரு, அந்தக் கால் மணி நேரந்தான் அந்த மாசம் பூரா நான் மனுஷனா இருந்தேன்" என்றார். சம்மதித்தால் மறுபடி ஒரு மாதம் இருட்டு அறை, மறுத்தால் எத்தனை மாதம் என்று டாக்டரும் சொல்லவில்லை. அடுத்த வாரம் பதில் சொல்கிறோம் என்று வந்துவிட்டேன்.

முதல் தடவை நீ வருகிறேன் என்றபோது, இருட்டில் வந்து என்ன பார்க்கப் போகிறாய், எல்லாம் முடிந்ததும் வா என்று தடுத்ததும் நான்தான். இனி அப்படிச் சொல்ல மாட்டேன். அவர் சரி என்றாலும் வேண்டாம் என்றாலும் நீ பக்கத்தில் இருக்க வேண்டும். என் மேல் கோபம் தீரவில்லை என்றால் பரவாயில்லை, இங்கே வந்து என் எதிரில் உட்கார்ந்து கோபித்துக்கொள்.

இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு. டிக்கெட் போட்டதும் என்னிடம் சொல்லாவிட்டாலும் அப்பாவிடம் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா